அவிழ்க்காத காப்பு

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன். செம்மலை. சொல்லிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை. இப்படி நான் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் அப்படிச் சிரித்ததெல்லாம் பஞ்சத்துக்கு முந்தி.

நாச்சியாபுரத்துக்கு மேற்கே, கண்மாயை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. எல்லைச்சாமி கருப்பர். என் வீட்டுக்காரர் அந்தக் கருப்பருக்குச் சாமியாடி. வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் கொட்டு அடித்தால் கருப்பர் இவர் மேல் இறங்குவார். ஊர் சுற்றி நின்று கேட்கும், இவர் வாயால் வாக்கு வரும். அவர் அப்பனுக்கும் அப்படித்தான் வந்தது, அதற்கு முந்தியும் அந்த வீட்டில் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மட்டும் கேட்டால் பரவாயில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் கருப்பர் வேண்டும். மாடு வாங்கலாமா, கருப்பரைக் கேள். தங்கச்சி வீட்டோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளலாமா, கருப்பரைக் கேள். வீரணன் என்று ஒருத்தர், நல்ல உழைப்பாளி, பருத்தி போடுவதா வரகு போடுவதா என்று கேட்க ஒரு தடவை விடியுமுன்பே வந்து வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் பல்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"வீரணா, அது உன் நிலம். மண்ணு எப்படின்னு உன் காலுக்குத் தெரியும். கருப்பரு என்ன ஏர் பூட்டி உழுதாரா? நீயே யோசிச்சு ஒரு முடிவுக்கு வா. தப்பாப் போனா அடுத்த வருசம் மாத்திக்கிருவே."

"நீ சொல்றது நியாயந்தேன் செம்மலை" என்று வீரணன் தலையை ஆட்டினார். "அப்ப வெள்ளிக்கிழமை கேட்டுச் சொல்லிரு."

இந்த மாதிரித்தான் எல்லாரும். இவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். சொந்தப் புத்தியை வைத்துப் பிழைக்கிற வழியைப் பாருங்கள் என்று இவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. எரிச்சல் எதற்கென்றால், ஊருக்கு இவ்வளவு சொல்கிற மனுஷர், வீட்டை விட்டுக் கிளம்பும்போது பல்லி எந்தப் பக்கம் கத்துகிறது என்று நின்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்.

காரைக்குடிப் பக்கம் ரயில் ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. முந்தின வருஷமே மழை சரியில்லை. இந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மேகம் கூடவில்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விதைநெல்லைக் குத்திக் கஞ்சி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் கூடி, கருப்பருக்குக் காப்புக் கட்டுவது என்று முடிவு செய்தது.

காப்புக் கட்டு என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. மஞ்சள் தோய்த்த நூலை வீட்டுக்கு ஒருத்தர் மணிக்கட்டில் கட்டுவார்கள். அது கையில் இருக்கிறவரைக்கும் அந்த வீட்டில் யாரும் எல்லைக்கல்லுக்கு அப்பால் இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். பங்குனித் திருவிழாவுக்கு எப்போதும் கட்டுவதுதான், செவ்வாய் கட்டினால் அடுத்த செவ்வாய் அவிழ்த்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் கஷ்டமாகத் தெரிந்ததில்லை.

இந்தத் தடவை என் வீட்டுக்காரர் எழுந்து, "அவுக்கிற நாளைச் சொல்லிட்டுக் கட்டுவோம்" என்றார்.

ஊர் அம்பலம் கருத்தையா அதற்கு ஒப்பவில்லை. அம்பலம் என்றால் ஊருக்குத் தலைவர். கெட்ட மனுஷர் இல்லை, தன் களஞ்சியத்தில் இருந்ததை ஊருக்கு அளந்து கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு நின்றவர். "நாளு சொன்னா சாமிகிட்டப் பேரம் பேசுன மாதிரி ஆயிரும் அப்பு. மழை பெய்யட்டும். கருப்பரு உன் மேல வந்து, அவுடான்னு அவரு வாயால உத்தரவு குடுக்கட்டும். அதுவரைக்கும் கையில கெடக்கட்டும். நம்ம உறுதியை அவரும் பாக்கட்டும்."

கூட்டத்துக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. பசியில் இருக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட வீராப்புப் பேச்சு பிடிக்கும். வரிசையாகக் கையை நீட்டினார்கள். முதல் காப்பு சாமியாடி கையில்தான் கட்ட வேண்டும், கட்டினார்கள்.

கடைசியாக வந்தவள் பொன்னுத்தாயி. அவள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. வீட்டுக்கு ஒரு கை, அந்த வீட்டுக்கு அவள் கைதான் என்று சொல்லி அம்பலமே கட்டிவிட்டார். அவள் எனக்குத் தூரத்து உறவில் தங்கச்சி முறை. அவள் புருஷன் சோணை, ஒரு பங்குனியில் கையில் காப்பு இருக்கும்போதே அக்காள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தான். அந்த ஆடியில் வயலில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அவளே இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். மிச்சமாக அவளுக்கு இருந்தது கருப்பி, தத்துப்பித்தென்று பேசுகிற பெண் குழந்தை. எனக்குப் பிள்ளை கிடையாது. கருப்பி பாதிப் பகல் என் இடுப்பில்தான் இருப்பாள். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஐப்பசி போயிற்று. கார்த்திகையும் பாதி போயிற்று. மழை இல்லை. அதைவிட மோசம், கருப்பரும் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கொட்டு அடித்தார்கள், சாம்பிராணி போட்டார்கள், உறுமி மேளத்தை இழுத்து இழுத்துக் கை வீங்கியது. இவர் கோயில் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உடம்பில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. வெயிலில் நின்று தலை சுற்றி விழுந்தார் ஒரு வாரம். சாமி வந்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பிடித்தார்கள், பார்த்தால் வெறும் பசி மயக்கம்.

பித்தளைப் பாத்திரங்கள் திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போயின. அப்புறம் மாடுகள் போயின. பெண்கள் கண்மாய்க்குள் கோரைக்கிழங்கு தோண்டினோம். ஊரிலிருந்து ஒருத்தர்கூட வெளியே பிழைக்கப் போகவில்லை. கையில்தான் காப்பு இருக்கிறதே.

என் வீட்டுக்காரர் ஒருநாள் விடியற்காலை கிளம்பிக் கல்லலுக்கு நடந்தார். ரயில் ரோட்டுக்கு அங்கே மண் வெட்டிக் கொட்டுகிற வேலை நடந்தது. ஆள் எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அங்கேயே கொட்டகையில் தங்க வேண்டும், விடியும்போதே வேலையில் நிற்க வேண்டும். இவர் மேஸ்திரியைப் பார்த்துப் பேசி, எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு கொட்டகைக்கு இடம் கேட்டு, தண்ணீர் எங்கே எடுப்பது என்பதுவரை விசாரித்துக்கொண்டு பொழுது சாயுமுன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். மறுநாள் அம்பலத்தார் வீட்டு முற்றத்தில் ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

"வேலை இருக்கு. அன்னன்னைக்குக் கூலி. பொம்பளையாளுகளுக்கும் உண்டு. யாரும் யாரு கையையும் எதிர்பாக்க வேண்டாம். மம்பட்டி இருக்கிறவக எடுத்துக்கங்க, இல்லாதவகளுக்கு அவுகளே குடுப்பாக. நம்ம கை நல்லாத்தானே இருக்கு? பொழைச்சுக் கெடந்து, மழை பெஞ்சதும் திரும்பி வருவோம்."

அவர்கள் ஆர்வமாகத்தான் கேட்டார்கள். குழந்தைகளை விட்டுவிட்டுப் போக இடமுண்டா, அரிசியா கேழ்வரகா, மேஸ்திரி எந்த ஊர் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். இவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு வீரணன் பெருமூச்சு விட்டுச் சொன்னார்.

"நல்ல ஏற்பாடுதேன் செம்மலை. கருப்பரு எப்ப உத்தரவு குடுப்பாரு?"

அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வெள்ளிக்கிழமை சும்மா ஆடித்தான் விடுங்களேன். அவுத்துட்டுப் போங்கடான்னு ஒரு வார்த்தை. ஊரு பொழைச்சுப் போகும்."

"வராத சாமியை வந்துச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"சோத்துக்காகச் சொல்றதுதானே."

"இன்னைக்கு நான் பொய்யா ஆடி அனுப்புனா, அடுத்த பஞ்சத்துலயும் என் வாயைப் பாத்துக்கிட்டேதான் இருப்பாக. நான் இல்லாத காலத்துல என்ன செய்வாக? அவுகளா ஒரு தடவை அவுத்துப் பழகட்டும் புள்ள."

"பழகுறதுக்கு முந்தி உசிரு இருக்கணுமே" என்றேன். பேச்சு என்று பார்த்தால் அவர் சொன்னது சரி. அடுப்பு என்று பார்த்தால் நான் சொன்னது சரி. இரண்டு சரியை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தோம்.

கார்த்திகை கடைசியில் கருப்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லையோ, ஊரணியில் மிஞ்சிக் கிடந்த சேற்றுத் தண்ணீரோ, தெரியாது. கண் உள்ளே போய்விட்டது. தூக்கினால் துணி மூட்டை அளவுக்குக்கூடக் கனமில்லை. நானும் இவரும் பொன்னுத்தாயியுமாகத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

டாக்டர் நல்ல மாதிரி. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். "பிள்ளைக்கு ஈரமே இல்லை உடம்பில். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கணும். நாங்க பாத்துப் பாத்துக் குடுக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோனா என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒரு படுக்கையையும் காட்டினார்.

பொன்னுத்தாயி அந்தப் படுக்கையைப் பார்த்தாள். பிறகு சன்னல் வழியாக வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள்.

"தங்கு தாயி" என்றார் இவர். "ஒரு குத்தமும் வராது."

"சாமி சொல்லுச்சா மாமா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்றீக. இவ அப்பாவும் ஒரு ராத்திரிதானேன்னுதான் போனாக."

"அவனைக் கடிச்சது பாம்பு தாயி. நம்ம எல்லைக்குள்ள, அவன் வயல்லதான் கடிச்சுச்சு."

"பாம்பை யாரு மாமா அனுப்புனது?"

அவள் வீம்புக்குக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்றுதான் கேட்டாள். தான் தங்கிக் கருப்பர் கோபத்தில் பிள்ளை போவதா, தூக்கிக்கொண்டு போய் நோயில் பிள்ளை போவதா என்று அவள் தராசு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கணக்கில் கருப்பர் பக்கம்தான் கனம். தாய்க்குப் பிள்ளை மேல் இருந்த ஆசைதான் அவளை அந்தப் பக்கம் தள்ளியது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"நீ ஊருக்குப் போ. நான் பிள்ளையோட இருக்கேன்" என்றேன்.

"மாமா கையில இருக்கிறது சாமியாடி காப்பு அக்கா. உங்க வீட்டுல ஒருத்தர் தங்குனா அது ஊருக்கே ஆகாது."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். 'நீ இரு அம்மாக்கண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் உதடு அசைந்தது. கண் தன் மணிக்கட்டுக்குப் போயிற்று. வார்த்தை வரவில்லை. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன மனுஷருக்கு அந்த நூல் மேல் எவ்வளவு பயம் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

ஒரு புட்டி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினோம். கருப்பியை இவர்தான் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பொழுது இருக்கும்போதே எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டோம். கல்லைத் தாண்டியதும் பொன்னுத்தாயி கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமையில்லை. ஆனாலும் இவர் விடிந்ததும் அம்பலத்தார் வீட்டுக்குப் போய், உச்சிக்குக் கொட்டு அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். குளிக்கத் தண்ணீர் இல்லை, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார். விபூதியை அள்ளி அள்ளிப் பூசினார். வராத சாமியை வந்ததாக ஆடப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஊரே வந்து நின்றது. நடக்க முடியாதவர்களைக்கூடக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். பொன்னுத்தாயி கருப்பியை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொட்டு ஏறியது. இவர் ஒரு குரல் கொடுத்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு குதித்தார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சில பேர் அழுதார்கள். எத்தனை நாள் காத்திருந்த கூட்டம்.

"மகனே" என்று அலறினார். "என் பிள்ளைக வயிறு எரியுதுடா. அவுத்துருங்கடா. எல்லையைத் தாண்டிப் போங்கடா. நான் கூட வாரேன்டா."

அம்பலம் கருத்தையா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வீரணன் தன் மணிக்கட்டு முடிச்சில் விரலை வைத்துவிட்டார். என் பக்கத்தில் நின்றவள், "கல்லலுக்கு எப்பக் கெளம்புறது?" என்று தன் புருஷனைக் கேட்டாள். நடந்துவிடும் போலிருந்தது. பொய்யோ மெய்யோ, கருப்பி திரும்ப அந்தப் படுக்கைக்குப் போய்விடுவாள் என்று நான் நினைத்தேன்.

அப்போது இவர் திரும்பினார். முன்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"பொன்னுத்தாயி, நீயும் அவுத்துரு தாயி."

உறுமி நின்றது. கருப்பர் இறங்கினால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அம்பலமானாலும் கூலியாளானாலும் மகனே, மகளே, அவ்வளவுதான். ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். பேர் சொன்னது செம்மலை.

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கருத்தையா மெல்ல எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து, இவர் கையிலிருந்து அரிவாளை வாங்கி வைத்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"போதும் அப்பு. வெறும் வயித்தோட இப்படி ஆடாத. எங்களுக்காகத்தான் செஞ்சேன்னு எங்களுக்குத் தெரியாதா? ஏய், செம்மலைக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்கப்பா."

இவர் தண்ணீரைத் தள்ளிவிட்டார். "ஆமா, நான்தான் சொன்னேன். நான் சொன்னா என்ன? நான் உங்களுக்குக் கெடுதலா சொல்லுவேன்? என்னைய நம்பி அவுங்க."

"உன்னைய நம்பாம வேற யாரை நம்பப் போறோம்" என்றார் கருத்தையா. "கருப்பரு வரட்டும்."

வீரணன் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் குரலில் சவால் எதுவும் இல்லை. வழி கேட்கிறவர் மாதிரித்தான் கேட்டார். "செம்மலை, சாமியாடி காப்பு மொதக் காப்பு. நீ உன்னோடத அவுத்துரு. நீ அவுத்தா நானும் அவுக்குறேன். என் பிள்ளைக மேல சத்தியம்."

இவர் வலது கை விரல் இடது மணிக்கட்டுக்குப் போயிற்று. முடிச்சைப் பிடித்தது. ஊர் முழுக்க அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பொன்னுத்தாயியும் பார்த்தாள். நான் மனசுக்குள் இழு, இழு என்று கத்திக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் விரல் தளர்ந்து கீழே விழுந்தது. இவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஊர் கலைந்து போயிற்று. வீரணன் போகும்போது, பாதி நெகிழ்ந்திருந்த தன் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் நானாகக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். "நான் இழுத்து, நாளைக்கு ஊர்ல ஒரு சாவு விழுந்துச்சுன்னா? ஊரு என்ன நினைக்குதோ அது கெடக்கட்டும். இந்த இழுவையாலதான்னு நான் நினைப்பேன் அம்மாக்கண்ணு. அதை வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது."

சாவு விழத்தான் செய்தது. மார்கழி பிறந்த அன்று கருப்பி என் மடியில் போனாள். பொன்னுத்தாயி புட்டியில் மிச்சமிருந்த மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டு திரும்பினாள், கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எல்லார் கையிலும் காப்பு அப்படியே இருந்தது. ஒருத்தரும் எல்லையைத் தாண்டி இராத் தங்கவில்லை. ஒரு குத்தமும் செய்யவில்லை நாங்கள். கண்மாய்க்கரைக்குக் கீழே அவளைப் புதைத்தார்கள். குழி தோண்டினவர் இவர்தான்.

மறுநாள் காலையில் பொன்னுத்தாயி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் மண்வெட்டி, கையில் ஒரு சின்ன மூட்டை. முகத்தில் அழுத அடையாளம்கூட இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா, அந்தக் கல்லல் மேஸ்திரி பேரு என்னன்னு சொன்னீக?"

இவர் எழுந்து நின்றுவிட்டார். "தேனப்பன். கொட்டகைகளுக்கு வடக்கால ஒரு புளியமரம் இருக்கும், அங்கன கேட்டாச் சொல்லுவாக. என் பேரைச் சொல்லு." சொல்லிவிட்டு அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் நூல் இருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"காப்பு எங்க தாயி?"

"அவுத்துட்டேன்."

"யாரு அவுத்தா?"

"நான்தான். நேத்து எல்லாரும் போனப்பெறகு உக்காந்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டாம இழுத்துப் பாத்தேன். ஒரே இழுவையில வந்துருச்சு மாமா." அவள் தன் வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டுத்தான்."

அவள் குத்திக் காட்டவில்லை. நீங்கள் சொன்னது சரிதான் என்று அவரிடம் ஒப்புக்கொள்ள வந்தவள் மாதிரி இருந்தாள். இவர் இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான், கேட்டு ஆகப்போவது எதுவுமில்லை என்று ஆன பிறகு. நான் கொஞ்சம் வறுத்த புளியங்கொட்டையைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். வேறு எதுவும் வீட்டில் இல்லை. வாங்கிக்கொண்டு, "வாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லைக்கல் பக்கம் அவள் நிற்கவில்லை, கும்பிடவுமில்லை.

நான் உள்ளே வந்தபோது இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியே வீரணனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வந்து நின்றார்கள். பொன்னுத்தாயி போய்விட்டாளே, ஊருக்கு அதனால் குத்தம் உண்டா என்று கருப்பரைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். நான் கதவைச் சாத்தினேன்.

இவர் இடது கையை என் பக்கம் நீட்டினார்.

"நீ இழுத்து விட்டுரு புள்ள" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் கை, உங்கள் முடிச்சு, நீங்களே யோசித்து ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று அவர் பேச்சை அவருக்கே திருப்பிக் கொடுக்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் கையைப் பார்த்தேன். குழி தோண்டின மண் நகத்துக்குள் இன்னும் இருந்தது. சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே அவர்கள் செம்மலை, செம்மலை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நூல் என் விரலுக்குக் கிட்டத்தில்தான் இருந்தது, ஒரு இழுவைதான். நானும் இழுக்கவில்லை.